எட்டாம் எண் தகடு

மிலான்காரர் காலை ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூடுபனி அவரைப் பத்தேகால் வரை நெடுஞ்சாலையில் பிடித்து வைத்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் நீவெஸ் அடுப்படியை மூன்று முறை துடைத்துவிட்டாள்.

போன வாரம் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டது அல்லவா? "ஒண்ணு போகட்டும். ஒண்ணே ஒண்ணு. அதுவும் எட்டுதான்." மகள் மிரெல்லா ஆறு மாதம் மன்றாடி வாங்கிய வார்த்தை. மறுநாளே மிரெல்லா மிலானுக்குக் கடிதம் போட்டுவிட்டாள். அம்மா மனசு மாறுவதற்குள் காரியம் முடிய வேண்டுமே என்ற பயம் அவளுக்கு.

முன்கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மொதெனாவுக்கு வெளியே இருக்கும் இந்த வீட்டின் பின்கொட்டகையில் இரண்டு சிவப்புப் பந்தய வண்டிகள் நிற்கின்றன. இரண்டும் பொலோஞாவில் ஸானோலி பட்டறையில் ஒரே குளிர்காலத்தில் செய்யப்பட்டவை. பட்டறை வரிசையில் ஒன்று ஏழாவது, மற்றது எட்டாவது. அதனால் வீட்டில் ஏழு, எட்டு என்றே பெயர். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பெற்றவர்களுக்கே வித்தியாசம் தெரியாது.

நீவெஸின் புருஷன் லெயார்க்கோ ஓட்டினான். அவன் தம்பி எர்மெஸ் பராமரித்தான். ஏழில் லெயார்க்கோ நான்கு பந்தயங்கள் ஜெயித்தான். கல்யாணத்தன்று நீவெஸைத் தேவாலயத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் ஏழில்தான். எட்டில் செத்தான். ஐம்பத்தேழு ஜூன் மாதம், எல்லைக்கு அப்பால் ஒரு ஸ்விஸ் மலைப்பாதையில், பதினோராவது வளைவில். மிரெல்லா பிறந்து அப்போது நாற்பதே நாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

நசுங்கிப் போய் வந்த எட்டை எர்மெஸ் ஆறு வருஷம் உட்கார்ந்து மறுபடி வண்டியாக்கினான். நீவெஸ் அதை ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, சுவரோரமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஏழு அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நீவெஸ் கொட்டகைக்குப் போவாள். ஏழைத் துடைப்பாள். பிறகு பயணி இருக்கையில் உட்கார்ந்து கியர் குமிழைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வாள். லெயார்க்கோ பேரிக்காய் மரத்தில் தானே கடைந்து போட்ட குமிழ் அது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. நீவெஸ் அதை மகளிடம்கூடச் சொன்னதில்லை. நமக்கு மட்டும் தெரியட்டும்.

பந்தயத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் கார்ப்பியில் தாய் வீட்டில் இருந்தாள். சிகரெட் கடை தொலைபேசியிலிருந்து, அண்ணன் தம்பி இருவரும் வண்டிகளை வைத்திருந்த பட்டறைக்கு எதிரே இருந்த காப்பிக் கடைக்குப் பேசினாள். லெயார்க்கோவைக் கூப்பிட்டு விட்டார்கள். "நாளைக்கு எட்டுலதான் போறேன்" என்றான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "வேண்டாம், நம்ம வண்டியிலயே போ. அதுதான் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்" என்றாள். அவன் சிரித்தான். எட்டில் போனான், திரும்பவில்லை.

கேட்டிருந்தால் இருந்திருப்பான். இந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் நீவெஸ் முப்பத்தொரு வருஷம் ஓட்டினாள். செத்தவன் மேல் கோபப்படுவது எவ்வளவு பெரிய ஊன்றுகோல் என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

* * *

மிலானிலிருந்து வந்த பெரேகோ ஒல்லியான மனிதர். ஒட்டக நிறக் கோட்டு, கையில் தகரப் பெட்டி. பெட்டியில் டார்ச், நீளக் கம்பியின் நுனியில் ஒட்டிய சின்னக் கண்ணாடி, தின்னர் புட்டி, வெள்ளைத் துணி. பழைய பந்தய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் எதை வாங்குவதற்கு முன்னாலும் இவரைத்தான் அனுப்புவார்கள் என்று மிரெல்லாவுக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது இவரை அனுப்பியிருப்பவர் ஸூரிக்கில் இருக்கும் ஒரு பணக்காரர்.

கொட்டகை வாசலில் எர்மெஸ் நின்றிருந்தான். அறுபது வயது. பற்றவைக்காத சுருட்டு ஒன்று எப்போதும் வாயில் இருக்கும்.

"வந்துட்டீங்களா? பனியில வழி தெரியலையாம். மிலான்ல வருஷம் பூரா புகையைக் குடிக்கிறவருக்குப் பனி ஒரு கேடா?"

"அங்க புகைக்குள்ள வழிகாட்டிப் பலகை இருக்கும். உங்க ஊர்ல பலகையே இல்லையே."

"தெரிஞ்சவங்கதான் இங்க வருவாங்க. பலகை எதுக்கு?"

"சித்தப்பா" என்றாள் மிரெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு.

எர்மெஸ் சுவரோரம் போய் எட்டின் தார்ப்பாயை இழுத்தான். தூசி கிளம்பி அடங்கியதும் வண்டி தெரிந்தது. தாழ்ந்த மூக்கு, திறந்த இரண்டு இருக்கை, கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. பெரேகோ கையிலிருந்த பெட்டியை மெல்லத் தரையில் வைத்தார்.

"பார்த்துக்குங்க. இதுதான் போற வண்டி" என்றான் எர்மெஸ்.

"அதையும் பார்க்கணும்." பெரேகோ ஏழைக் காட்டினார்.

"அது விக்கிறதுக்கு இல்ல."

"விக்க வேண்டாம். ஒரே பட்டறை, ஒரே குளிர்காலம். ஒண்ணை வச்சுத்தான் இன்னொண்ணைப் படிக்க முடியும். அதுலயும் இது அடிபட்டு எழுந்த வண்டி. எது பழசு, எது நீங்க செஞ்சதுன்னு நான் எழுதிக் கொடுக்கணுமே."

"நானே சொல்றேன். வலது பக்கம் மொத்தமும் நான் செஞ்சது. இடது பக்கம் பழசு. எழுதிக்குங்க, முடிஞ்சுது."

"நீங்க சொன்னா ஸூரிக்காரர் நம்ப மாட்டார்."

"அப்ப அவரையே வந்து குப்புறப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்க."

மிரெல்லா ஆச்சரியமாகப் பார்த்தாள். சித்தப்பா குத்தலாகப் பேசுவது புதிதல்ல. ஆனால் இன்று குரலில் வேறு ஏதோ இருந்தது. பெரேகோவுக்கும் ஏழுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். பயப்படுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. எதற்கு என்று புரியவில்லை.

"பார்க்கட்டும் சித்தப்பா. பார்த்தா தேஞ்சா போயிடும்?"

எர்மெஸ் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் போய் உட்கார்ந்தான்.

* * *

பெரேகோ ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார், முட்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டார், சிமெண்டுத் தரையில் படுத்தார். முதலில் எட்டு, பிறகு ஏழு, மறுபடி எட்டு. பானெட்டின் காற்றுக் கீற்றுகளை எண்ணினார். இரண்டிலும் பதினான்கு. பெட்ரோல் மூடி, பிரேக் டிரம், கதவுக் கீல், எல்லாம் எழுதிக்கொண்டார்.

"ஏழு லேசான வண்டி" என்று படுத்தபடியே சொன்னார். மிரெல்லாவுக்கு விளக்குவதில் அவருக்கு ஆசை. "மலைப்பாதைக்குன்னே செஞ்சது. பின்பக்கம் லேசா நழுவும், பழகினவன் கையில பறக்கும். எட்டு கொஞ்சம் கனம், நீளப் பாதையில நிதானமாப் போகும். ஓட்டுறவன் பயந்தவனா இருந்தா எட்டைக் கேப்பான். உங்க அப்பா பயந்தவர் இல்ல போலிருக்கு."

"எனக்கு அவரைத் தெரியாது" என்றாள் மிரெல்லா.

"ஸானோலி பட்டறைக் குறிப்பேட்டுல இருந்து நகல் எடுத்து வச்சிருக்கேன். ஏழு செய்யற வரைக்கும் சேஸிஸுக்கு, அதாவது வண்டியோட எலும்புக்கு, வட்டக் குழாய் போட்டாங்க. எட்டுக்கு வரும்போது வட்டக் குழாய் தீர்ந்துபோச்சு. முட்டை மாதிரி நசுங்கின குழாயைப் போட்டுச் சமாளிச்சுட்டாங்க."

அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். டார்ச் வெளிச்சம் ஏழின் அடியில் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அவர் ஊர்ந்து வெளியே வந்து எட்டின் அடியில் புகுந்தார். திரும்பி வந்து தின்னரில் துணியை நனைத்துக்கொண்டார்.

எர்மெஸ் எழுந்தான். "பெயின்டைக் கெடுக்காதீங்க."

"அரை விரல் அகலம்தான்."

முன் குறுக்குக் குழாயில் பெயின்டைத் தேய்த்ததும் உலோகத்தில் அடித்த எண் தெரிந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அடுத்த வண்டியிலும் தேய்த்தார். எழுந்து நின்றபோது அவர் முகம் திருவிழாவுக்கு வந்த பிள்ளை முகம் போல ஆகிவிட்டது.

"தகடு மாறியிருக்கு" என்றார்.

"எது?" என்றாள் மிரெல்லா.

"வெளியில ரிவெட் அடிச்ச எண் தகடு. அதைக் கழட்டி மாட்டிடலாம், நாலே ரிவெட். குழாயில அடிச்ச எண்ணை மாத்த முடியாது. ஏழுன்னு தகடு போட்ட வண்டியோட எலும்பு எட்டு. எட்டுன்னு தகடு போட்டதோட எலும்பு ஏழு." அவர் எர்மெஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அந்தக் காலத்துல இது சகஜம். எல்லையில சுங்கக்காரன் காகிதத்தைப் பார்ப்பான், தகட்டைப் பார்ப்பான். வண்டியைப் பார்க்க அவனுக்கு என்ன தெரியும்? காகிதம் எட்டோட பேர்ல வாங்கியிருப்பீங்க. கடைசி நேரத்துல ஏழை எடுத்திருப்பீங்க. தகட்டை மாத்தி மாட்டிட்டுப் புறப்பட்டிருப்பீங்க. பத்திரிகைக்காரனும் தகட்டைப் பார்த்து எட்டுன்னு எழுதிட்டான். என்ன, சரியா?"

எர்மெஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா?"

"பழைய கதை. ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லேன்னா பரவாயில்ல, இரும்புக்கு ஞாபகம் இருக்கு" என்றார் பெரேகோ. "சிஞ்ஞோரினா, உங்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதின்னு புரியுதா? நாலு பந்தயம் ஜெயிச்ச வண்டியும் மலையில விழுந்த வண்டியும் ஒண்ணேதான். இதுதான் ஏழு." அவர் தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்த வண்டியின் மூக்கைத் தட்டினார். "சேகரிக்கிறவங்க இப்படி ஒண்ணுக்குத்தான் தவம் கிடக்கிறாங்க."

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் மிரெல்லா.

அவள் பார்த்த திசையில் அவரும் திரும்பினார். வாசலில் காப்பித் தட்டுடன் நீவெஸ் நின்றிருந்தாள்.

* * *

நீவெஸ் நம்பவில்லை. நம்புவதற்கு அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

"எண் யார் வேணும்னாலும் அடிக்கலாம். ஸானோலிக்காரங்க குடிச்சுட்டு வேலை செஞ்சவங்க" என்றாள். "ஏழு ஏழுதான். நான் அதுல உட்கார்ந்து வந்திருக்கேன்."

மிரெல்லா பெரேகோவின் கையைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அதைப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் இரும்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு முகத்தைப் படிக்க வருவதில்லை. நீவெஸ் தன் வேலையைச் சந்தேகித்ததும் அவருக்குச் சுருக்கென்றிருந்தது.

"சிஞ்ஞோரா, எண்ணை விடுங்க. தகரத்தைப் பாருங்க. இந்த வண்டியில வலது பக்கம், ஓட்டுறவர் பக்கம், எல்லாம் புதுசு. இடது பக்கம் பயணி உட்கார்ற இடம் பழைய தகடு, தொடவே இல்ல. அதுல ஒரு விசித்திரம் இருக்கு. தரைத் தகட்டுல ரெண்டு சின்னப் பள்ளம். பொத்தான் அளவு, பக்கத்துல பக்கத்துல. எந்தக் கருவி பட்டும் அப்படி விழாது. ஏதோ பொம்பளை செருப்போட குதிகால் மாதிரி..."

அவர் டார்ச்சை அடித்துக் காட்டினார்.

நீவெஸ் தட்டை வைக்க இடம் தேடினாள். கை தானாகத் தட்டை எட்டின் பானெட் மேல் வைத்தது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாக அந்த வண்டியைத் தொட்டிருக்கிறாள் என்பதை அவளே கவனிக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

ஐம்பத்தைந்து செப்டம்பர், கல்யாண நாள். வெள்ளைச் செருப்பு, அதற்கு இரும்பு லாடம் வைத்த குதிகால். ஆற்றுப் பாலம் திரும்பும் இடத்தில் லெயார்க்கோ வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவள் பயந்துபோய் இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி அழுத்தினாள். "பிரேக் என் பக்கம் இருக்கு, உன் பக்கம் இல்ல" என்று அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் தகட்டில் இரண்டு பள்ளம். எர்மெஸ் சுத்தியலை எடுத்தான். லெயார்க்கோ விடவில்லை. "அது என் பெண்டாட்டி போட்ட கையெழுத்து. யாரும் தொடக்கூடாது" என்றான்.

சாவுக்குப் பிறகு ஏழில் முதல் தடவை உட்கார்ந்தபோது அவள் அந்தப் பள்ளங்களைத் தேடினாள். இல்லை. எர்மெஸைக் கேட்டாள். "தட்டி எடுத்துட்டேன்" என்றான். ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தாள்.

இப்போது அவள் நிமிர்ந்து எர்மெஸைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

"காப்பி ஆறுது, குடிங்க" என்று பெரேகோவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

* * *

பெரேகோ முற்றத்தில் மிரெல்லாவைத் தனியாகப் பிடித்தார். பேரம் மாறிவிட்டது என்றார். முதலில் பேசியது வெறும் எட்டுக்கு. இப்போது அதே வண்டிக்கு ஸூரிக்காரர் மூன்று மடங்கு கொடுப்பார். தகட்டைப் பழையபடி மாற்றி மாட்டக்கூட வேண்டாம், அந்தத் தப்பும் கதையோடு சேர்ந்து வரட்டும். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"உங்க அம்மாவுக்குக் கஷ்டமா எதுவும் சொல்லிட்டேனா?"

"நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க" என்றாள் மிரெல்லா. மூன்று மடங்கு என்றதும் அவள் மனசில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்புவது சாதாரண விஷயம் இல்லை. அடுப்பில் கோழிச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் நீவெஸ் உட்கார்ந்து இறைச்சி வைத்து மடித்த தொர்தெல்லினி, மாவு தூவிய துணி மேல் வரிசையாகக் காத்திருந்தது. அதை யாரும் சாற்றில் போடவில்லை.

மிரெல்லா கொட்டகைக்குப் போனாள். எர்மெஸ் அதே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்கு முதல்லயிருந்தே தெரியும்."

"தெரியும்."

"அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து அதுல உட்கார்ந்தாங்க. மாடியில உங்க அறை ஜன்னல்ல இருந்து நீங்க பார்த்துட்டே இருந்தீங்க."

"பார்த்தேன்."

"எப்படி முடிஞ்சுது உங்களால?"

"கேட்க வேண்டியவ கேட்கட்டும் மிரெல்லா. அவளுக்குப் பதில் சொல்றேன். உனக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

முப்பத்தொரு வருஷமாக அவளுக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்த ஒரே மனிதர் அவர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கல்யாணம் முறிந்தபோது வாசலில் காரோடு வந்து நின்றவர். அவரை வெறுக்க வேண்டும் என்று நினைத்தாள். முடியாமல் அழுகைதான் வந்தது. வெளியே போய் விறகு அடுக்குக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

* * *

மூன்று மணிக்குப் பனி விலகவில்லை, கொஞ்சம் மஞ்சளானது. நீவெஸ் கொட்டகைக்கு வந்தாள்.

தான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய வண்டியைத் தாண்டிப் போனாள். அதன் மேல் இப்போது அவளுக்கு என்ன உணர்வு என்று சொல்வது கஷ்டம். ஆயிரத்து அறுநூறு ஞாயிற்றுக்கிழமைகளாக வேறு யாரோ ஒருவர் வீட்டில் போய்த் தன் வீடு என்று நினைத்து உட்கார்ந்திருந்தது போல் இருந்தது. கோபம்கூட வரவில்லை. அவமானமாக இருந்தது.

சுவரோர வண்டியின் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பள்ளத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. காலும் அகன்றுவிட்டது, ஐம்பத்தைந்து வயதுக் கால். ஆனால் பள்ளத்தின் விளிம்பு காலுறை வழியாகக் குத்தியது. அதுவே போதும் என்றிருந்தது அவளுக்கு. வலது பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எர்மெஸ் பெட்டியிலிருந்து எழுந்து வந்து வண்டியின் பக்கத்தில் நின்றான்.

"தட்டி எடுத்துட்டேன்னு சொன்னியே."

"பொய்."

"ஏன்?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் நீ குழந்தையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்தே. முழுசா நின்ன வண்டி ஒண்ணுதான். அது ஏழுன்னு நெனச்சு ஏறி உட்கார்ந்தே. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, 'இதாவது எனக்கு மிஞ்சுச்சே'ன்னு சொன்னே." எர்மெஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். "அதைப் போய் எப்படி உன்கிட்ட இருந்து பிடுங்குவேன்? நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். அந்த நாளைக்கு வரவே இல்ல."

"அந்தக் கியர் குமிழ்?"

"அது நிஜம். நசுங்கின வண்டியில இருந்து நான்தான் கழட்டி அதுல மாட்டினேன். பேரிக்காய் மரம், அவன் கடைஞ்சது. அவன் கை கடைசியாத் தொட்டது அதைத்தான். நீ தொட்டதுல அது மட்டும் நிஜம், நீவெஸ்."

நீவெஸ் தலையாட்டினாள். கண்ணில் நீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"எப்படி உடைஞ்சுது?"

"ஏழோட ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற கம்பியில மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஒரு வாரம் முன்னாடியே பார்த்துட்டேன். பொலோஞாவுல இருந்து புதுசு வரணும், வரல. அதனாலதான் எட்டுன்னு முடிவு பண்ணி காகிதம் வாங்கினோம். கடைசியில அவன் ஏழுதான்னு நின்னான். ராத்திரியோட ராத்திரியா நான் வெல்டு வச்சேன். தாங்கும்னு சொன்னேன். விடிகாலையில தகட்டை மாத்தினேன். பத்து வளைவு தாங்குச்சு."

வாசலில் மிரெல்லா வந்து நின்றிருப்பதை இருவரும் பார்க்கவில்லை.

"என் வெல்டுதான் நீவெஸ். வேற யாரும் இல்ல. நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

நீவெஸ் அவனைத் திட்டத்தான் வந்தாள். வார்த்தைகள்கூட அடுப்படியில் தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் அவன் சொன்னதில் ஏதோ ஒன்று அவளைத் தடுத்தது. அதை அவள் மெல்ல, பயந்து பயந்து தொட்டுப் பார்த்தாள்.

"காகிதம் எட்டோட பேர்ல வாங்கியாச்சு. ஏழுல விரிசல்னு அவனுக்கும் தெரியும். அப்புறம் ஏன் கடைசியில ஏழுதான்னு நின்னான்?"

"ஓட்டுறவங்க புத்தி. உனக்குத் தெரியாதா?"

"எர்மெஸ்."

"எனக்குத் தெரியல. ஏதோ தோணியிருக்கும்."

"முதல் நாள் சாயங்காலம் நான் காப்பிக் கடைக்குப் போன் பண்ணினேன்" என்றாள் நீவெஸ்.

எர்மெஸ் தேவைக்கு மேல் வேகமாகப் பேசினான். "அதுக்காக இல்ல. நீ சொன்னதுக்காக அவன் மாத்தல. சத்தியமா இல்ல. அவனுக்கே ஏழு மேல ஆசை. நீ சொல்லாட்டியும் அதைத்தான் எடுத்திருப்பான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. கையிலிருந்த சுருட்டு இரண்டாக ஒடிந்து தரையில் விழுந்தது.

"நான் என்ன சொன்னேன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லையே" என்றாள் நீவெஸ்.

அவன் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்று அந்தக் காப்பிக் கடைத் தொலைபேசிக்குப் பக்கத்தில், லெயார்க்கோவின் தோளோடு தோளாக நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் அவன். பொய்யைக் கட்டிக் காத்தது தன் வெல்டுக்காக அல்ல, அவளுக்காக. ஆறு வருஷம் அந்தத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தியவன், இரண்டு பள்ளத்தை மட்டும் தொடாமல் விட்டு, தார்ப்பாய் போட்டு மூடினான்.

கேட்டிருந்தால் இருந்திருப்பான் என்று முப்பத்தொரு வருஷம் அவள் கோபித்துக்கொண்டிருந்தாள். லெயார்க்கோ அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறான்.

நீவெஸ் அப்போதுதான் வலது பக்கம் திரும்பி, ஓட்டுகிறவனின் காலி இருக்கையைப் பார்த்தாள். கையை நீட்டி அதன் முதுகில் வைத்தாள். அழுகை வரவில்லை. குரல் மட்டும் மாறிப்போயிருந்தது.

"போனை வச்சுட்டு அவன் உன் பக்கம் திரும்பியிருப்பான் இல்ல?" என்றாள். "திரும்பி என்ன சொன்னான்? அதை மட்டும் சொல்லு எர்மெஸ்."